வெள்ளை மண் பூசின அக்கா

அண்டைக்கு லிப்டுக்குள்ள அக்கா நிண்ட கோலம் இப்பவும் என்ர கண்ணுக்குள்ள நிக்குது. நல்ல உயரமான மனுசி, தலையில கட்டின துணி இன்னும் ஒரு சாண் உயர்த்திவிட்டிருக்கு, ரெண்டு கையிலயும் பை நிறைய மரவள்ளிக்கிழங்கு. நெத்தியிலயும் ரெண்டு கன்னத்திலயும் பளீரெண்டு வெள்ளை. லண்டனில குரோய்டனுக்கு நாங்கள் குடிவந்து ரெண்டு மாசம்தான், கதைக்க ஒரு சனமில்லாமல் வாய் புளிச்சுப்போய்த் திரிஞ்ச நேரம். எனக்கு உடன விளங்கிட்டுது, இவ சைவக்காரி எண்டு. பின்ன என்ன, திருநீறு பூசியிருக்கிறா! ஆபிரிக்காவிலயும் எங்கட சமயம் இருக்குதெண்டு எனக்குச் சந்தோசம் தாங்கேல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலால கொண்டுவந்த பொங்கல் புக்கையை ஒரு டப்பாவில போட்டுக்கொண்டுபோய் அவவின்ர கதவைத் தட்டினன். மூண்டாம் மாடியில எங்கட கதவுக்கு நேர எதிர்க்கதவு அது. வாங்கி, வாசலில நிண்டபடியே விரலால வழிச்சுச் சாப்பிட்டா. பின்னேரம் அதே டப்பா திரும்பி வந்தது. கச்சான் கடலை அரைச்சுவிட்டு, கருவாடு போட்டு, செம்மஞ்சள் எண்ணெய் மிதக்கிற குழம்பு. விரதத்தில நிண்ட எனக்குக் கருவாட்டுக் குழம்பு! என்ர மகள் சிரிச்சுச் சிரிச்சு நிலத்தில இருந்திட்டாள். அடுத்தநாள் சனிக்கிழமை அந்தக் குழம்பை ஒருத்தருக்கும் குடுக்காமல் நான் தனியச் சாப்பிட்டது வேற கதை.

நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுறாள். எனக்கு எழுத்து ஏறேல்ல, வாய்தான் ஏறினது. "அம்மா, கருவாட்டை விட்டிட்டுக் கதைக்கு வாங்கோ" எண்டு இப்பவே கத்துறாள். வாறன் பிள்ளை, வாறன்.

அக்கா சியரா லியோன் எண்ட நாட்டுக்காரி. அங்கயும் எங்களைப்போல சண்டை, எங்களைப்போல ஓட்டம். குரோய்டனில இருக்கிற அந்தப் பெரிய கந்தோரில விசாவுக்கெண்டு அவவும் நிண்டிருக்கிறா, நாங்களும் நிண்டிருக்கிறம், ஒரே குளிரில. ஆஸ்பத்திரி ஒண்டில படுக்கைவிரிப்புத் தோய்க்கிற வேலை அவவுக்கு. என்னைவிடப் பத்து வயசாவது மூப்பு எண்டபடியால் நான் அக்கா எண்டன், அவ தங்கச்சி எண்டு சொல்லப் பழகிக்கொண்டா. எங்கட ரெண்டு பேரின்ர இங்கிலீசையும் சேத்தாலும் ஒரு முழு இங்கிலீஸ் வராது. ஆனால் கதை ஒருநாளும் நிண்டதில்லை. நாலைஞ்சு கிழமை கழிச்சுத்தான் நெத்தியைக் காட்டி, "எந்தக் கோயில் திருநீறு அக்கா?" எண்டு கேட்டன். அது ஆத்தங்கரையில எடுக்கிற வெள்ளை மண்ணாம். நான் லிப்டில கண்டது அவவின்ர தாயின்ர திவச நாளாம். "இது எங்கட பொம்பிளையளின்ர அடையாளம்" எண்டு சொல்லிப்போட்டு, விரலை வாயில வைச்சா. அந்த விரல் வாய்க்கு வந்தால் முடிஞ்சுது. பிறகு கத்தி வைச்சாலும் ஒரு சொல்லு வராது. எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. நான் பஸ்சில பக்கத்தில இருக்கிற ஆளிட்டயே என்ர சீவிய வரலாறு முழுக்கச் சொல்லிப்போடுவன்.

அவவின்ர குசினிக்குள்ள கயிறு கட்டி இலைக்கட்டுகள் தொங்கும். ஊரிலயிருந்து ஆரும் பிளேனில வந்தால் கொண்டுவந்து குடுப்பினம். ஒருநாள் அதில ஒரு கட்டைக் கையில எடுத்தன், சின்ன இலை, காய்ஞ்சு சுருண்டுபோய். திருப்பிப் பாத்தால் இலைக்குக் கீழ வரிசையாப் பொட்டுப்பொட்டாக் காய்! கீழ்காய்நெல்லி. "அக்கா, இது மஞ்சள்காமாலைக்கு!" எண்டு கத்தி, என்ர கண்ணை இழுத்துக் காட்டினன். அக்கா தொடையில ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சிரிச்சா. அவவின்ர ஊரிலயும் அதுக்குத்தான் குடுக்கிறதாம். எவ்வளவு கடல் கிடக்கு நடுவில, அங்கயும் ஒரு மனுசி குனிஞ்சு அதே இலையைத் திருப்பிப் பாத்திருக்கிறாள். அண்டைக்கு எங்களுக்கு நடந்தது, கலியாணத்தில ரெண்டு பகுதியும் ஒண்டாச் சேருற சம்பந்தக் கலப்பு எண்டுதான் சொல்லவேணும்.

ஞாயிற்றுக்கிழமையளில அக்காவிட்ட சனம் வரும். அவவின்ர நாட்டுச் சனம், பக்கத்து நாட்டுச் சனம், சிலநேரம் எங்கட தமிழ்க் கடைக்காரரும் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு வருவார். அவ வைத்தியம் செய்யிற முறையே புதினம். வந்த ஆளுக்கு முதல் சாப்பாடு. சாப்பிட்டு முடியும்வரைக்கும் வருத்தத்தைப் பற்றிக் கதைக்கவே விடமாட்டா. பிறகு மூண்டு கேள்வி. என்ன சாப்பிடுறாய்? ஆர் சமைச்சுத் தாறது? ஆரோட கோவம்? மூண்டாவது கேள்வியோட அரைவாசிப்பேர் அழத் தொடங்குவினம். கால் வீங்கி வந்த ஒரு மனுசன் தன்ர தம்பியைப் பற்றி ஒரு மணித்தியாலம் அழுததை நான் கதவுக்கு வெளியில நிண்டு கேட்டனான். ஒட்டுக்கேக்கேல்ல, என்ர கதவும் அங்கதானே இருக்கு. எல்லாருக்கும் இலையும் குடுக்கமாட்டா. "சலத்தில ரத்தம் போகுது" எண்டு ஒருத்தி வந்தவள். அக்கா எழும்பி அவளின்ர கோட்டை எடுத்து அவளின்ர கையில குடுத்தா. "இதுக்கு என்னட்ட இலை இல்லை. டொக்டரிட்ட ஓடு, இண்டைக்கே ஓடு." தனக்குத் தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுற வைத்தியரை நான் அதுக்கு முந்திக் கண்டதில்லை.

அவ வெறும் இலைக்காரி இல்லை எண்டது மெல்லமெல்லத்தான் விளங்கினது. அவவின்ர ஊரில பொம்பிளையளுக்கெண்டு ஒரு ரகசியச் சங்கம் இருக்காம். ஆம்பிளையள் கிட்டவும் வர ஏலாது. பெட்டையளைக் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டுபோய், பெரியாக்களாக்கி, மண் பூசித் திருப்பிக் கொண்டருவினமாம். அக்கா அதில ஒரு தலைவி. என்ர மகள் எங்கயோ வாசிச்சுப்போட்டு வந்து முகம் கறுத்துப்போய்ச் சொன்னாள், அந்தக் காட்டுக்குள்ள பெட்டையளின்ர மறைவிடத்தில வெட்டுற வழக்கம் ஒண்டும் இருக்கெண்டு. நான் மனசில வைச்சுக்கொண்டு திரியிற ஆளில்லை, நேர போய்க் கேட்டன். விரல் வாய்க்குப் போகுமெண்டு பாத்தன். போகேல்ல. தன்ர ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினா. "ஒரு பிள்ளை என்ர கையால செத்தது, தங்கச்சி. அண்டைக்கே கத்தியை ஆத்தில போட்டிட்டன். அதோட தலைவிப் பட்டத்தையும் போட்டிட்டன்" எண்டு சொன்னா. நான் அதுக்கு ஆறுதல் சொல்லேல்ல. ஆறுதல் சொல்லக்கூடிய விசயமும் இல்லை அது. ஆனால் தான் செய்த பிழையைத் தன்ர வாயாலயே ஒருத்திக்குச் சொன்னா பாருங்கோ, அதுக்குப் பிறகு எனக்கு அவவில இருந்த மரியாதை கூடினதே ஒழியக் குறையேல்ல. லண்டனுக்கு வந்து அத்தனை வருசமும் தான் ஆரெண்டு தன்ர நாட்டுச் சனத்துக்கும் அவ சொன்னதில்லை. இலைக்காரக் கிழவி, அவ்வளவுதான்.

எங்களுக்கு மேல, நாலாம் மாடியில, அக்காவின்ர நாட்டுக் குடும்பம் ஒண்டு இருந்தது. புருசன், பெஞ்சாதி, பிறகு அந்தப் புருசனின்ர தங்கச்சியின்ர பிள்ளை. தாய் செத்தாப் பிறகு மாமன் கூப்பிட்டு எடுத்தது. பதினொரு வயசிருக்கும், ஈர்க்குமாதிரி ஒரு பெட்டை. படிக்கட்டில என்னைக் கண்டால் "அன்ரி, பேக் தாங்கோ" எண்டு என்ர கடைச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடும். அந்த வீட்டில ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நடக்கத் தொடங்கினது. மாமிக்கு வயித்தில தங்கின பிள்ளை ரெண்டுதரம் அழிஞ்சுது. மாமனுக்கு வேலை போச்சுது. பெட்டையோ தாயை நினைச்சு நித்திரையில பிதற்றுறது, படுக்கையில மூத்திரம் போறது. இது போதாதோ? கடைக்கு மேல ஒரு அறை எடுத்து செபம் நடத்துற ஆள் ஒருத்தன் சொல்லிப்போட்டான், இந்தப் பிள்ளைக்குள்ள சூனியம் இருக்கு, இதுதான் வயித்துப் பிள்ளையளைத் திண்டது எண்டு.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரேல்ல. என்ர மனுசன் செத்த வருசம் என்ர ஒண்டுவிட்ட தங்கச்சிக்குக் கலியாணம். பொம்பிளை வெளிக்கிட்டு வாற நேரம், "நீ ஒருக்கா அங்கால போய் நில்லடி" எண்டு சொந்தப் பெரியம்மா சொன்னவ. கைம்பெண் முழிவியளம் கூடாதாம், என்ர முகத்தில முழிச்சால் பொம்பிளைக்குத் தாலி நிலைக்காதாம். நான் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில போய் நிண்டன். அந்த நேரம் நெஞ்சுக்குள்ள என்ன வருமெண்டு தெரியுமோ? உண்மையாவே என்னில ஏதும் இருக்குதோ எண்டுதான் வரும்.

பெட்டை ஒரு கிழமையாப் படிக்கட்டில இல்லை. பேந்து ஒருநாள் வந்தது, நான் சாமானை நீட்டினன். கையைப் பின்னால ஒளிச்சுக்கொண்டு, "நான் தொட்டால் உங்களுக்குக் கூடாது அன்ரி. நான்தான் ராவில போய் அந்தப் பிள்ளையளைத் திண்டனான். அவையளுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன்" எண்டுது. பட்டினி போட்டு, முழங்காலில நிக்கவைச்சு, ஓமெண்டு சொல்லவைச்சிருக்கினம். நான் ஓடிப்போய் அக்காவின்ர கதவை இடிச்சன். என்ர மகள் வேலையால வந்து, சப்பாத்தும் கழட்டாமல், பள்ளிக்கூடத்துக்கு இப்பவே போன் அடிச்சுச் சொல்லுறன் எண்டு நிண்டாள். "அடி, உடன அடி" எண்டா அக்கா. பேந்து கதிரையில இருந்து மெல்லமாச் சொன்னா: "கவுன்சிலில பிள்ளையளைப் பாக்கிற ஆக்கள் அவளை அந்த வீட்டிலயிருந்து எடுப்பினம், தங்கச்சி. அவளுக்குள்ளயிருந்து அந்தச் சொல்லை ஆர் எடுக்கிறது?"

அண்டைக்கு வெள்ளிக்கிழமை. மகள் போன் எடுத்துச் சொல்லிப்போட்டாள். திங்கக்கிழமை காலமை ஆள் வருமெண்டிச்சினம். ஞாயிறு மத்தியானம் அக்கா என்ர கதவைத் தட்டினா. திறந்து பாத்து நான் பின்னால ரெண்டு அடி வைச்சிட்டன். மேலயிருந்து கீழ வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தலைக்கட்டு, முகம் முழுக்க வெள்ளை மண், கழுத்தில ஏதோ மணியள். ஆத்தில போட்டிட்டன் எண்டு சொன்ன பட்டத்தை மனுசி அந்தப் பிள்ளைக்காகத் திருப்பி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நிக்குது. கையில ஒரு மண்சட்டி, தண்ணியோட. "இதைத் தூக்க ஒரு பொம்பிளை வேணும். என்ர சங்கத்து ஆக்கள் இஞ்ச இல்லை. பிள்ளை பெத்து, மாதச்சுகயீனம் நிண்டு, புருசனைப் புதைச்ச பொம்பிளையாப் பாத்துத்தான் குடுக்கிறது. நீ வா" எண்டா. எரிச்சனான் எண்டு சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டன். என்னைக் கோழிக்கூட்டடிக்கு அனுப்பின அதே காரணத்துக்கு அக்கா என்னை முன்னுக்குக் கூப்பிடுறா! பிறகு ஒரு சத்தியம் வாங்கினா. அந்தச் சட்டி நிலத்தில இருந்தாப் பிறகு நான் காணுறது, கேக்கிறது ஒண்டும் என்ர வாயால வெளிய வரப்படாது. என்னட்டப் போய்! நான் என்ர பிள்ளையில கைவைச்சுச் சத்தியம் செய்தன்.

மாமன்தான் கதவு திறந்தவர். ஆறடி ஆள், ஒருநாளும் எங்களுக்கு வணக்கம் சொல்லாத ஆள். அக்காவைக் கண்ட உடன கண் நிலத்துக்குப் போச்சுது. ரெண்டு கையாலயும் முழங்காலைப் பிடிச்சுக் குனிஞ்சு, சுவரோட ஒட்டிக்கொண்டு வழி விட்டார். தன்ர தாய்மார், அம்மம்மாமார் எல்லாம் ஆருக்கு முன்னால குனிஞ்சவையள் எண்டு அவருக்குத் தெரியுந்தானே. பேந்து வாசலுக்கு வெளியில போய் நிண்டிட்டார்.

சட்டி நிலத்தில இருந்தாப் பிறகு நடந்ததை நான் இஞ்சயும் சொல்லமாட்டன். மகள் எத்தினை தரம் கேட்டிட்டாள், பேரன் ஐஸ்கிரீம் வாங்கித் தாறன் எண்டெல்லாம் கேட்டிட்டான். எழுதுற கை நிண்டு என்னைப் பாக்குது இப்பவும். சொல்லேலாது எண்டால் சொல்லேலாது. முடிவில மாமனையும் உள்ள கூப்பிட்டு எல்லாருக்கும் கேக்க அக்கா சொன்னதை மட்டும் சொல்லுறன்: "பாத்திட்டன். இந்தப் பிள்ளையில ஒண்டுமில்லை. ஒருநாளும் இருந்ததுமில்லை." பெட்டை அப்பிடியே நிண்டுது, அழவுமில்லை. அழுதது மாமிதான். அவளைப் பேய் எண்டு நினைச்சுக்கொண்டு போன எனக்கு அவளைப் பாக்க ஏலாமல் போச்சுது. ரெண்டு பிள்ளையைப் பறிகுடுத்தவளிட்ட ஒருத்தரும் உனக்கு நோகுதோ எண்டு கேட்டிருக்கேல்ல, எல்லாரும் ஆர் செய்தது எண்டுதான் கேட்டிருக்கினம். அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு மாசம் ஒவ்வொரு ஞாயிறும் அக்கா மேல ஏறிப்போய் அந்த மனுசியோட இருந்தவ. டொக்டரிட்டயும் கூட்டிக்கொண்டு போனவ. அந்தச் செபக்காரன் பிறகு எங்கட பக்கம் தலைகாட்டேல்ல. கவுன்சில் ஆக்கள் வந்து விசாரிச்சு, பெட்டையை லண்டனின்ர மற்றப் பக்கத்தில, பார்க்கிங் எண்ட ஊரில இருக்கிற தாய்வழிச் சொந்தக்காரி ஒருத்தியிட்ட விட்டிச்சினம். நல்ல மனுசி. பள்ளிக்கூட லீவு எண்டால் பெட்டை ரயில் ஏறி அக்காவிட்ட வந்து நிக்கும். அக்கா சாகேக்க அது யூனிவர்சிட்டியில. சவப்பெட்டியைத் தூக்கின ஆக்களில அதுவும் ஒண்டு.

போன மாசம் அந்தப் பெட்டை என்னட்ட வந்தாள். இப்ப மருந்துக்கடையில மருந்து கலந்து குடுக்கிற பெரிய உத்தியோகம், கலியாணம் முடிச்சு ஏழு மாச வயிறு. எனக்குக் கால் நிலத்தில இல்லை. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப் பொரியல், கடைசியா ஒரு கிண்ணம் பாயாசம். சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க, உப்புச் சரியோ எண்டு பாக்க அவளின்ர சோத்துக் கோப்பையில ஒரு விரல் வைக்கப் போனன். வெடுக்கெண்டு இழுத்திட்டாள். மீதியை உடன கொண்டுபோய்க் குப்பையில கொட்டி, கோப்பையைக் கொதி தண்ணியில கழுவினாள். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு தெரிஞ்சு, பாயாசக் கிண்ணத்துக்கு முன்னால வந்து இருந்து சொன்னாள். தன்ர கோப்பையிலயிருந்து புருசனுக்கும் ஒரு வாய் குடுக்கிறேல்லையாம். அவளுக்கு அருவருப்புக் கூட எண்டு அவர் பகிடி பண்ணுறவராம். அவளின்ர நாட்டு நம்பிக்கையில சூனியம் சாப்பாட்டால தொத்துமாம். அது இருக்கிற ஆளின்ர மீதியை ஆரும் திண்டால் அவைக்குள்ளயும் போயிடுமாம்.

"எனக்குத் தெரியும் அன்ரி, உது விசர்க்கதை எண்டு. நான் படிச்சனான். ஆனால் பிள்ளை பிறந்தால் பால் குடுக்கவேணும். என்ர உடம்பிலயிருந்து. ஒவ்வொரு நாளும் அதை நினைச்சு எனக்கு நடுங்குது."

பேந்து கேட்டாள். "நீங்கள் அங்க நிண்டனீங்கள். அவ உண்மையாத்தான் ஒண்டுமில்லையெண்டு கண்டவவோ, இல்லாட்டி என்னைப் பாத்துப் பாவப்பட்டுப் பொய் சொன்னவவோ? ஒருதரம் அவவிட்டக் கேட்டனான். விரலை வாயில வைச்சிட்டா."

"ஏன் பிள்ளை பொய் எண்டு நினைக்கிறாய்?"

"என்னைக் குளியலறைக்குள்ள வைச்சுப் பூட்டியிருந்தினம். நீங்கள் ரெண்டு பேரும் உள்ள வாற சத்தம் கேட்டது. கதவைத் திறக்க முதலே மாமி வீரிட்டுக் கத்தினவ. அப்ப அக்கா வந்த உடனயே ஏதோ கண்டிட்டா எண்டுதானே அர்த்தம்?"

இருவது வருசம்! இந்தப் பிள்ளை அதைக் காணேல்ல எண்டு எனக்குத் தெரியாது. பூட்டின கதவுக்கு அங்கால இருந்தது எண்டு தெரிஞ்சும் நான் யோசிக்கேல்ல. கண்டிருப்பாள், இல்லாட்டி அக்காவாவது சொல்லியிருப்பா எண்டு இருந்திட்டன். அதைவிடப் பெரிய மோட்டு வேலை, அந்த வீட்டு வாசலைத் தாண்டினதில இருந்து நடந்த எல்லாத்தையும் சத்தியத்துக்குள்ள போட்டு மூடி வைச்சிருக்கிறன். ஊர் முழுக்கக் கதை காவுற நான், சொல்லவேண்டிய ஒண்டை மட்டும் சொல்லாமல் காவல் காத்திருக்கிறன். சத்தியம் சட்டி நிலத்தில இருந்தாப் பிறகு நடந்ததுக்குத்தானே. அந்த நேரம் சட்டி இன்னும் என்ர கையில!

"இந்தா கேள்" எண்டு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தன். "குளியலறைக் கதவுக்கு வெளியில, நிலத்தில ஒரு பிளாஸ்டிக் கோப்பை கிடந்தது. நீ அரைவாசி சாப்பிட்டு வெளிய தள்ளின சோறு, காய்ஞ்சுபோய். அதை ஒருத்தரும் தொடேல்ல. அக்கா அதைக் கண்டா. அந்த வெள்ளைச் சீலையோட, அந்த மணியளோட, நிலத்தில சப்பணம் கட்டி இருந்தா. இருந்து, கோப்பையை மடியில வைச்சு, உன்ர எச்சில் சோத்தை அள்ளிச் சாப்பிட்டா. ஒரு வாய் ரெண்டு வாய் இல்லை, முழுக்க. உன்ர மாமி கத்தினது அதுக்கு. நானும் 'எச்சில் அக்கா, விடுங்கோ' எண்டு ஒரு கையால இழுத்தனான், சட்டித் தண்ணி என்ர காலில ஊத்துப்பட்டது. அவ என்ர கையைத் தட்டிவிட்டிட்டு விரலெல்லாம் நக்கினா. பிறகுதான் எழும்பி உன்ர கதவைத் திறந்தது. அதுக்கும் பிறகுதான் சட்டி, தண்ணி எல்லாம். தண்ணியில அவ என்ன பாத்தா எண்டு நான் சொல்லேலாது. ஆனால் தண்ணியைப் பாக்க முதலே சோத்தைத் திண்டிட்டா, பிள்ளை."

உது எனக்குச் சும்மா எச்சில். ஆனால் அந்த நம்பிக்கைக்குள்ளயே பிறந்து வளந்து, அதுக்குத் தலைவியா இருந்த மனுசிக்கு அது என்ன எண்டு பெட்டைக்குத்தான் தெரியும். ரெண்டு கையையும் வயித்தில வைச்சுக்கொண்டு, என்ர குசினிச் சுவரில தொங்குற கலண்டரையே பாத்துக்கொண்டிருந்தாள். "முழுக்கவோ?" எண்டு ஒருக்காக் கேட்டாள். "முழுக்க" எண்டன். "குளிர்ந்த சோறோ?" "கல்லுமாதிரி." சிரிச்சாள், அந்தச் சிரிப்போடயே அழுதாள், மூக்கைச் சீறினாள், பாயாசத்தில நாலு கரண்டி சாப்பிட்டாள்.

பிறகு கிண்ணத்தை மேசையில வழுக்கவிட்டு என்ர பக்கம் தள்ளினாள். "எனக்குக் காணும் அன்ரி. நீங்கள் முடியுங்கோ."

எனக்குச் சீனி வருத்தம். இனிப்புக் கண்ணிலயும் காட்டப்படாது எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். "அம்மா, சீனி!" எண்டு மகள் அங்கால நிண்டு கத்துறாள். நான் அவளின்ர கரண்டியாலயே அள்ளி, ஒரு முந்திரிப் பருப்பும் விடாமல் சாப்பிட்டு, கிண்ணத்தை விரலால வழிச்சன். பெட்டை வாயைப் பொத்திக்கொண்டு, நான் விழுங்கிற ஒவ்வொரு வாயையும் பாத்துக்கொண்டிருந்தாள்.